நடுவயதினரும் டிரையத்லான் பந்தயமும்

நாற்பது வயதைக் கடந்தவர்கள் விளையாட்டுப் பந்தயங்களில் கலந்துகொள்வது நம் நாட்டில் அண்மைக் காலம் வரை அபூர்வமாகவே இருந்து வந்தது. பள்ளியையும் கல்லூரியையும் விட்ட பிறகு மைதானத்தை மறந்துவிடுவதும், மருத்துவர் வற்புறுத்தும்போது மட்டும் காலையில் சிறிது தூரம் நடந்து வருவதும் பெரும்பாலோரின் வழக்கம். இந்நிலை இப்போது மாறி வருகிறது. சென்னை, புனே, ஐதராபாத், பெங்களூர் முதலிய நகரங்களில் அதிகாலையில் நடைபெறும் டிரையத்லான் பந்தயங்களுக்கு ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பொறியாளர்கள், அரசாங்க அலுவலர்கள் எனப் பலதரப்பட்ட நடுவயதினர் பெயர் கொடுக்கின்றனர். பரிசு பெறும் எண்ணம் அவர்களில் மிகச் சிலருக்கே உண்டு. முடிவுக் கோட்டைத் தம் காலால் கடந்துவிட வேண்டும் என்பதே ஏனையோரின் விருப்பம்.

இத்தகைய பந்தயங்களில் நீச்சல் பாதையின் ஓரத்திலும் சைக்கிள் திருப்பங்களிலும் உதவியாளராக நிற்குமாறு உடற்பயிற்சி ஆசிரியர்களும் சுகாதாரக் களப்பணியாளரும் அழைக்கப்படுவது உண்டு. அவர்களுள் சிலர் தாமே பந்தயத்தில் இறங்குவதும் உண்டு. இவ்விரு சாராரும் அறிந்திருக்க வேண்டிய உடலியல் உண்மைகள் சிலவற்றை இங்கே காண்போம்.

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையே ஓய்வின்றி அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் முத்திறப் பந்தயம். இன்றைய வடிவத்தில் இது 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்னும் உப்பங்கழியின் கரையில், உள்ளூர் ஓட்டப் பந்தயச் சங்கம் ஒன்றினால் தொடங்கப்பட்டது. அன்று கலந்துகொண்டவர்கள் 46 பேர். அவர்களுள் ஒருவரான ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, 1978இல் ஹவாய்த் தீவில் 3.8 கிலோமீட்டர் நீச்சலும் 180 கிலோமீட்டர் சைக்கிளும் 42.2 கிலோமீட்டர் ஓட்டமும் அடங்கிய ‘அயர்ன்மேன்’ பந்தயத்துக்கு வித்திட்டார். அதில் புறப்பட்டவர்கள் 15 பேர்; முடித்தவர்கள் 12 பேர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் விழாவில் டிரையத்லான் முதன்முறையாக இடம் பெற்றது. ஒலிம்பிக் தூரத்தில் சரிபாதியான 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவை சேர்ந்ததே ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் குறுந்தூர வகை. உள்ளூர்ப் பந்தயங்களில் நீச்சல் தூரத்தை 400 மீட்டராகக் குறைத்து நகராட்சிக் குளத்தில் நடத்துவதும் உண்டு.

மிஷன் பேயில் முதலில் ஓட்டமே வைக்கப்பட்டது. இப்போது எங்கும் நீச்சல்தான் முதலில் வருகிறது. களைத்துப் போனவன் சாலையில் உட்கார்ந்துகொள்ளலாம். நீரில் உட்கார இடமில்லை. இவ்வரிசை இதனாலேயே நிலைபெற்றது எனலாம்.

‘ஸ்பிரிண்ட்’ என்ற பெயரைக் கண்டு மயங்கலாகாது. எடுத்துக்காட்டாக, 45 வயதும் 70 கிலோகிராம் எடையும் உள்ள ஓர் ஆசிரியரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் நீச்சலுக்கு 20 நிமிடமும், மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளுக்கு 43 நிமிடமும், ஓட்டத்துக்கு 32 நிமிடமும் எடுத்துக்கொள்கிறார். இடையில் உடையும் காலணியும் மாற்ற 5 நிமிடம். ஆக 1 மணி 40 நிமிடம் அவருடைய இருதயம் இடைவிடாது உழைக்க வேண்டியிருக்கிறது. இந்த ஆசிரியர் 750 மீட்டர் நீந்தவும், 20 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டவும், 5 கிலோமீட்டர் ஓடவும் தனித்தனியே வல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். எனினும் பந்தயத்தன்று அவர் மூன்று இடங்களில் தடுமாறுகிறார். நீரில் இறங்கிய முதல் சில நிமிடங்களில் மூச்சு முட்டுகிறது. கரையேறியதும் தலை சுற்றுகிறது. சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கியதும் கால்கள் தம்முடையவை அல்ல என்று தோன்றுகிறது. இம்மூன்றும் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு உடல் மாறும் இடங்கள். நடுவயதில் உடலின் உழைப்புத் திறன் பலர் அஞ்சும் அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை. ஆனால் நிலை மாறும்போது தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகம் குறைகிறது. டிரையத்லான் பந்தயமோ அந்த வேகத்தையே மீண்டும் மீண்டும் சோதிக்கிறது.

வயதும் உழைப்புத் திறனும்

கடுமையாக உழைக்கும்போது ஒரு நிமிடத்தில் உடல் எவ்வளவு பிராணவாயுவை உட்கொண்டு செலவிட முடியும் என்பதே நீடித்த உழைப்புக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. முப்பது வயதுக்குப் பின் உடற்பயிற்சி இல்லாதவரிடம் இது பத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. இடைவிடாது பயிற்சி செய்து வருபவரிடம் குறைவு ஏறக்குறைய அதில் பாதியே. இருதயம் ஒரு நிமிடத்தில் துடிக்கக்கூடிய உச்ச எண்ணிக்கையும் வயதுடன் குறைகிறது. வயதை 0.7ஆல் பெருக்கி, 208இலிருந்து கழித்தால் இந்த எண்ணிக்கை ஏறக்குறையக் கிடைக்கும் என 2001இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. இக்கணக்குப்படி 25 வயதில் 190ஆக இருக்கும் உச்சத் துடிப்பு 45 வயதில் 176 அல்லது 177 ஆகிறது. இது சராசரியே, ஒருவருக்கொருவர் பத்துத் துடிப்புக்கு மேலும் வேறுபடலாம். எனவே கைக்கடிகாரத்தில் தெரியும் எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை.

வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் வயதாக ஆக மெலிகின்றன. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் இழைகள் நெடுங்காலம் நிலைக்கின்றன. நூறு மீட்டர் ஓட்டத்தில் இளைஞனிடம் தோற்பவர் நீண்ட பந்தயத்தில் அவனுக்கு அருகே வர முடிவது இதனால்தான்.

பயிற்சியில் நடுவயதினர் செய்யும் பெரும் பிழை வேறொன்று. இருதயமும் தசைகளும் சில வாரங்களிலேயே பயிற்சிக்கு இணங்கி வலுப்பெறுகின்றன. தசையை எலும்புடன் பிணைக்கும் தசைநாண்களோ பல மாதங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆறாவது வாரத்தில் மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்று தூரத்தை இரட்டிப்பவர், ஏழாவது வாரத்தில் குதிகால் நாணிலோ கெண்டைக்காலிலோ வலியுடன் உட்கார்ந்துவிடுகிறார். வாரத்துக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரப் பயிற்சியை மூன்று துறைகளுக்கும் பங்கிட்டு, ஓட்டத்தை மட்டும் மிக மெதுவாக உயர்த்துவதே தக்க முறை. நீச்சலும் சைக்கிளும் உடலின் எடையைக் கால்களின்மீது சுமத்துவதில்லை. இருதயத்துக்கு உழைப்பும் கால்களுக்கு ஓய்வும் ஒருங்கே கிடைக்கும் இந்த வசதி காரணமாகவே ஓட்டத்தில் காயமுற்ற பலர் டிரையத்லானுக்கு வந்து சேர்ந்தனர்.

நீரில் முதல் சில நிமிடங்கள்

இப்பகுதியைச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் பந்தயங்களில் நேர்ந்த மரணங்களையும் இருதய நிறுத்தங்களையும் ஆராய்ந்து 2017இல் ஒரு மருத்துவக் குழு அறிக்கை வெளியிட்டது. மொத்தம் 135 நிகழ்ச்சிகள். கலந்துகொண்டோர் எண்ணிக்கையுடன் ஒப்பிட்டால் இது இலட்சத்துக்கு 1.74 மட்டுமே, அஞ்சி ஒதுங்க வேண்டிய அளவு அன்று. ஆனால் அவற்றுள் 90, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, நீச்சலின்போது நேர்ந்தவை. நமது ஆசிரியரின் 100 நிமிடங்களில் நீச்சலுக்குச் செலவாவது 20 நிமிடமே என்பதை நினைவு கூர்ந்தால் இதன் பொருள் விளங்கும். பாதிக்கப்பட்டோரில் ஏறக்குறைய 85 சதவீதம் ஆண்கள். சராசரி வயது 47. பிரேத பரிசோதனை விவரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு இருதயத்திலோ இரத்த நாளங்களிலோ குறிப்பிடத்தக்க கோளாறு முன்பே இருந்தது.

நீர் இருதயத்தை ஏன் இவ்வாறு சோதிக்கிறது? கழுத்தளவு நீரில் நிற்கும்போது நீரின் அழுத்தம் கால்களையும் வயிற்றையும் சுற்றிலும் இறுக்குகிறது. கால் நாளங்களில் தங்கியிருந்த இரத்தத்தில் ஏறக்குறைய 700 மில்லிலிட்டர் மார்புக் கூட்டுக்குள் தள்ளப்படுகிறது. இருதயத்தின் அறைகள் விரிகின்றன. நுரையீரலின் நுண்ணிய நாளங்களில் அழுத்தம் ஏறுகிறது. உடல் கிடைநிலைக்கு வந்து கைகள் உழைக்கத் தொடங்கியதும் இச்சுமை மேலும் கூடுகிறது. ஆரோக்கியமான இருதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். இரத்த அழுத்தம் மிகுந்து இருதயத் தசை தடித்துப் போனவரிடம் நுரையீரலில் நீர் கசிந்து மூச்சுத் திணறல் உண்டாகலாம்.

மற்றொரு காரணமும் உண்டு. குளிர்ந்த நீர் தோலில் பட்டதும் உடல் திடுக்கிட்டு மூச்சை உள்ளிழுக்கிறது, நாடி விரைகிறது. அதே சமயம் முகம் நீரில் அமிழ்ந்து மூச்சு அடக்கப்படும்போது நாடியைத் தாழ்த்தும் எதிர்க் கட்டளை ஒன்று பிறக்கிறது. நீர்நாய், திமிங்கிலம் முதலிய நீர்வாழ் பாலூட்டிகளிடம் இது வலுவாக உள்ளது; மனிதனிடம் எஞ்சி நிற்கிறது. விரைந்து ஓடு என்று ஒரு நரம்பும், மெல்ல ஓடு என்று மற்றொரு நரம்பும் ஏககாலத்தில் கட்டளையிட்டால் இருதயத் துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும் என்று 2012இல் இங்கிலாந்து உடலியலார் இருவர் விளக்கம் தந்தனர். சென்னைக் கடலில் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் குளிரின் பங்கு அங்கே குறைவு. மலைப்பகுதி ஏரிகளிலும், வட இந்தியாவில் குளிர்காலத்துக் குளங்களிலும் அதை அலட்சியம் செய்யலாகாது.

இவ்விரண்டுடன் நெரிசலும் சேர்கிறது. நூறு பேர் ஒரே சமயத்தில் நீரில் பாய்கின்றனர். ஒருவர் கை மற்றவர் முகத்தில் படுகிறது. குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு முறை சுவரைத் தொட்டுப் பழகியவருக்கு இங்கே தொடுவதற்குச் சுவரில்லை. கலங்கிய நீரில் அடித்தளமும் தெரிவதில்லை. அச்சத்தில் அவர் மூச்சை அடக்குகிறார். மூச்சு முட்டும் உணர்ச்சியைப் பெரும்பாலும் தூண்டுவது பிராணவாயுக் குறைவு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதைத் தூண்டுவது வெளியேறாமல் தேங்கும் கரியமில வாயுவே. முகம் நீருக்குள் இருக்கும்போதே காற்றைக் குமிழிகளாக வெளியே விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பியதும் உள்ளிழுப்பதே சரியான முறை. இதைக் கற்றுக்கொள்ளாதவர் எவ்வளவு தூரம் நீந்தக்கூடியவராயினும் திறந்த நீரில் இறங்கலாகாது.

செய்ய வேண்டியவை எளியவை. பந்தயம் தொடங்குவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் நீரில் இறங்கி, முகத்தை நனைத்து, மெல்ல நூறு மீட்டர் நீந்திப் பழக வேண்டும். திடுக்கிடும் உணர்ச்சி அப்போதே தோன்றித் தணிந்துவிடும். புறப்படும்போது கூட்டத்தின் ஓரத்திலோ பின்னாலோ நிற்பது நலம்; இழப்பது சில விநாடிகளே. முதல் 200 மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக நீந்த வேண்டும். நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதன் தடை வேகத்தின் வர்க்கத்தைப் போல் பெருகுவதால் நீச்சலில் அவசரம் மிக விலை உயர்ந்தது.

மேல்நாட்டுப் புத்தகங்களைப் படித்துப் பயிலுவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அவை பெரும்பாலும் மிதப்புத் தரும் ரப்பர் உடையை அணிந்து நீந்துவோருக்காக எழுதப்பட்டவை. குறுந்தூரப் பந்தயங்களில் நீரின் உஷ்ணம் 22 டிகிரியை எட்டினால் வயதுப் பிரிவினர் அவ்வுடை அணிய சர்வதேச விதிகள் இடமளிப்பதில்லை. நம் கடற்கரையில் நீர் எப்போதும் அதற்கு மேல் இருப்பதால், அந்த மிதப்பு இல்லாமலே நீந்தப் பழகுவது அவசியம்.

மருத்துவப் பரிசோதனை பற்றியும் கூற வேண்டும். இண்டர்ஹார்ட் என்ற 52 நாடுகள் தழுவிய ஆய்வின் 2007ஆம் ஆண்டு வெளியீட்டின்படி, தெற்காசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு நேரும் சராசரி வயது 53. ஏனையோருக்கு அது ஏறக்குறைய 59. எனவே நாற்பதைக் கடந்த நம்மவர், அதிலும் நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவரும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நேர்ந்தவரும், பயிற்சி தொடங்கும் முன்னரே மருத்துவரைக் காண வேண்டும். உழைக்கும்போது மார்பில் இறுக்கம், காரணமின்றி மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு ஆகியவற்றுள் எதுவும் ‘வயதாகிவிட்டது’ என்று தள்ளிவிடத் தக்கது அன்று.

நீரிலிருந்து நிலத்துக்கு

இருபது நிமிடம் படுத்த நிலையில் இருந்த உடல், கரையேறிய கணத்தில் நிமிர்ந்து ஓடத் தொடங்குகிறது. இதுவரை கால்களை இறுக்கிப் பிடித்திருந்த நீரின் அழுத்தம் நீங்குகிறது. மார்புக்குத் தள்ளப்பட்டிருந்த இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. கழுத்து நாளங்களில் அமைந்துள்ள அழுத்த உணர்விகள் இதை அறிந்து நாடியை விரைவுபடுத்தவும் நாளங்களைச் சுருக்கவும் ஆணையிடுகின்றன. இளைஞனிடம் இந்த ஆணை உடனே நிறைவேறுகிறது. வயது ஏற ஏற இவ்வுணர்விகளின் கூர்மை மழுங்குகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தம் சில விநாடிகள் குறைந்து தலை சுற்றுவது இதனாலேயே. நீச்சலின் கடைசி 50 மீட்டரில் கால்களைச் சற்று வேகமாக உதைத்தால் கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளும் வேலையைத் தொடங்கிவிடும். கரையேறிய பின் சைக்கிள் நிற்கும் மாற்றிடம் வரை ஓடாமல் விரைந்து நடப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஈரக் காலுடன் வழுக்கி விழுவோரும் இந்த இடத்திலேயே அதிகம்.

காற்றோடு கணக்கு

சைக்கிள் பகுதி மூன்றிலும் நீண்டது. நடுவயதினர் தம் வலிமையை வீணடிப்பதும் இங்கேதான். சமதளச் சாலையில் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதை வெல்லத் தேவையான சக்தியோ வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. நமது ஆசிரியர் 28இலிருந்து 30க்கு வேகத்தை உயர்த்துகிறார் என்க. வேகத்தில் கூடியது 7 சதவீதம். சக்தியில் கூட வேண்டியது ஏறக்குறைய 20 சதவீதம். இதனால் அவருக்கு மிஞ்சுவது மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த மூன்று நிமிடத்தையும் அதற்கு மேலும் அவர் ஓட்டத்தில் இழந்துவிடுவது பந்தயந்தோறும் காணும் காட்சி. பிறர் பின்னால் ஒட்டிச் சென்று காற்றைத் தவிர்ப்பது உள்ளூர்ப் பந்தயங்களில் பெரும்பாலும் விதிக்கு விரோதம். முழங்கையை மடக்கி, உடலைத் தாழ்த்தி, சட்டை படபடக்காமல் இறுக்கமாக அணிவதால் கிடைக்கும் ஆதாயத்துக்கு யாரும் தடை சொல்வதில்லை. விலை உயர்ந்த சைக்கிள் வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்து பார்ப்பது சிக்கனம்.

உணவைப் பற்றிய கவலை இத்தூரத்தில் மிகையானது. நமது ஆசிரியருக்கு மூன்று பகுதிகளிலும் சேர்ந்து ஏறக்குறைய 1,000 கிலோகலோரி செலவாகும். தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ள சர்க்கரைப் பொருளிலிருந்து மட்டும் 1,600 முதல் 2,000 கிலோகலோரி வரை கிடைக்கும். முதல் நாள் இரவு வழக்கமான உணவும், காலையில் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ போதுமானவை. சைக்கிளில் அரை லிட்டர் நீர் வைத்துத் தாகத்துக்கு ஏற்பப் பருகலாம்.

ஓட்டமும் வெயிலும்

சைக்கிளிலிருந்து இறங்கியவரின் கால்கள் நாற்பது நிமிடம் வட்டமாகச் சுழன்று பழகியவை. உடல் எடையைத் தாங்காமல் இருந்தவை. முதுகும் குனிந்தே இருந்தது. இப்போது அதே கால்கள் ஒவ்வோர் அடியிலும் எடையைத் தாங்கி, அதிர்ச்சியை ஏற்று, மீண்டும் உந்த வேண்டும். நரம்பு மண்டலம் பழைய தாளத்தை விட்டுப் புதிய தாளத்துக்கு வரச் சில நிமிடங்கள் ஆகின்றன. முதல் கிலோமீட்டரில் அடிகளைக் குறுக்கி வைத்து ஓடினால் இரண்டாவது கிலோமீட்டரில் கால்கள் மீண்டும் தம்வசம் வரும். வாரம் ஒரு முறை சைக்கிள் ஓட்டிய உடனே பத்து நிமிடம் ஓடிப் பழகுவதற்கு இப்பந்தயத்தார் ‘செங்கல்’ என்று பெயர் வைத்துள்ளனர். காரணம் கேட்டால் கால்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்கின்றனர்.

நம் நாட்டில் இப்பகுதியின் உண்மையான எதிரி உஷ்ணமே. ஓடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே இயக்கமாகிறது. எஞ்சியது வெப்பமாக வெளிப்படுகிறது. நமது ஆசிரியர் ஓடும்போது உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய 600 வாட். இதில் சிறிதும் வெளியேறாவிட்டால் ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் அவர் உடலின் உஷ்ணம் ஏறும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது 2.4 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. எனவே மணிக்கு ஏறக்குறைய 0.9 லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடல் சமநிலையில் இருக்கும். ‘ஆவியானால்’ என்ற சொல் முக்கியமானது. கடற்கரை நகரங்களின் ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வையால் நீர் இழப்பு உண்டு; குளிர்ச்சி இல்லை. சைக்கிளில் வீசிய காற்று ஓட்டத்தில் குறைந்துவிடுவதும், வயது ஏற ஏறத் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் வியர்வைச் சுரப்பும் தாழ்வதும் நிலைமையை மேலும் கடுமையாக்குகின்றன.

ஆகவே வெப்பமானியின் அளவை மட்டும் பார்த்துப் பந்தயம் நடத்துவது போதாது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கும், வெயிலில் வைத்த கருங்கோள வெப்பமானியின் அளவில் பத்தில் இரண்டு பங்கும், நிழலில் காற்றின் அளவில் பத்தில் ஒரு பங்கும் கூட்டிப் பெறும் எண்ணையே கணக்கில் கொள்கின்றனர். அமெரிக்க இராணுவப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெயிலில் மடிவதைத் தடுக்க 1950களில் வகுக்கப்பட்ட முறை இது. இவ்வெண் 32 டிகிரியைத் தாண்டினால் பந்தயத்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்களின் பொதுவான கருத்து. கிணற்று நீர்க் குளுமையில் வளர்ந்தவராயினும், குளிர்பதன அறையில் பணிபுரிபவராயினும், வெயிலில் படிப்படியாகப் பழகினால் இரண்டு வாரத்தில் உடல் அதற்கு இணங்கும்.

ஓடுபவர் பேச்சுக் குழறி, திசை தடுமாறி, எரிச்சலுடன் பதில் கூறினால் அது வெப்பத் தாக்குதலின் அடையாளமாக இருக்கலாம். அவரைத் தடுத்து நிறுத்தி, நிழலில் கிடத்தி, முதலில் குளிர்விக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வது அதற்குப் பின்னரே. பனிக்கட்டி நீர் நிறைந்த தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்துவது மிகச் சிறந்தது. அது இல்லாத இடத்தில் வாளி வாளியாக நீரை ஊற்றி விசிற வேண்டும்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடுவது மற்றுமொரு திடீர் மாற்றம். கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளும் வேலையை நிறுத்தியதும் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். மேற்கூறிய அமெரிக்க அறிக்கையில் எட்டு நிகழ்ச்சிகள் பந்தயம் முடிந்த பின் நேர்ந்தவை. எனவே கழுத்தில் பதக்கம் அணிவிக்கும் இடத்தைக் கோட்டிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி அமைப்பது நல்ல ஏற்பாடு. வாங்குவதற்காகவேனும் நடப்பார்கள்.

உதவியாளர் கவனத்துக்கு

நீரில் ஆபத்துக்குள்ளானவர் கூச்சலிடுவது அரிது. கூவுவதற்கு வேண்டிய காற்று அவரிடம் இருப்பதில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருந்து, கைகள் முன்னேறாமல் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருந்தால் உடனே படகு செல்ல வேண்டும். காப்பாளர் படகுகளை நீச்சல் பாதை முழுவதும் சமமாகப் பரப்பி வைப்பதைவிட, முதல் 200 மீட்டரில் அதிகமாக நிறுத்துவது பொருத்தம். படகின் ஓரத்தைப் பிடித்து இளைப்பாறலாம், அதனால் பந்தயத்திலிருந்து விலக்கமாட்டார்கள் என்பதைப் புறப்படும் முன் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கூற வேண்டும். விலக்கப்படுவோம் என்று அஞ்சியே உதவி கேளாதவர் பலர்.

உணர்வற்றவரை மீட்டதும் மூச்சு இல்லையெனில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டுதலும், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துதலும் தாமதமின்றித் தொடங்க வேண்டும். தானாக இயங்கும் மின்னதிர்ச்சிக் கருவியை மேடையருகே பூட்டி வைக்காமல் நீர் விளிம்பிலேயே வைக்க வேண்டும். மார்பைத் துடைத்துவிட்டுப் பொருத்த ஒரு துண்டும் அதனருகே இருக்கட்டும்.

நீரில் இறங்கியோர் எண்ணிக்கையும் கரையேறியோர் எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று இருவர் தனித்தனியே எண்ண வேண்டும். எண்கள் ஒவ்வாவிட்டால் மாற்றிடத்துக்குச் சென்று சைக்கிள்களைப் பார்க்க வேண்டும். நீச்சல் நேரம் முடிந்த பின்னும் எடுக்கப்படாமல் நிற்கும் ஒவ்வொரு சைக்கிளின் எண்ணையும் குறித்து, அதற்குரியவர் கரையில் இருக்கிறாரா என்று கண்ணால் கண்டு உறுதி செய்யும் வரை படகுகள் நீரை விட்டு வரலாகாது.